கடவுளின் நாடா, காலடிகள் வென்ற நாடா?

கோவிலம்பாக்கத்தில் நாம் காரில் ஏறும்போது, அண்டை வீட்டு அன்பர் ஓடிவந்து, "எங்கே பயணம்?" என்றார். "திருவனந்தபுரம்" என்றோம். "ஆகா! கடவுளின் சொந்த நாடல்லவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றுலாத் துறையார் சூட்டிய விளம்பரப் பெயர், பக்தரின் வாயில் வேதவாக்காகிவிட்டது!

இருநூறு அடிச் சாலையில் பல்லாவரம், பிறகு தாம்பரம், அதன்பின் தெற்கு நோக்கி எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியெங்கும் அந்தப் பெயர் நம் நெஞ்சை உறுத்திற்று. கடவுளின் நாடு என்றால், அங்கே மனிதனுக்கு என்ன இடம் இருந்தது?

நாகர்கோவிலைத் தாண்டியதுமே விடை கிடைக்கத் தொடங்குகிறது. கல்குளம், விளவங்கோடு, 1956 நவம்பர் முதல் நாள்வரை தமிழகத்தோடு சேராதிருந்த மண். இங்கேதான், மார்பை மறைத்ததற்காகப் பெண்கள் அடிபட்டனர். கொள்ளையடித்தவர்களல்லர், கொலை புரிந்தவர்களல்லர். ஒரு முழத் துணியைத் தோளில் போட்டவர்கள்! பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-இல் மன்னர் ஆணை பிறந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாதாம். துணியிலும் சாதி கண்ட தருமம்!

எல்லை தாண்டினோம். தலைநகருக்குத் தெற்கே வெங்ஙானூர். அய்யன்காளி பிறந்த ஊர். பொதுச் சாலையில் புலையர் நடக்கவே தடை இருந்த காலத்தில், 1893-இல், அவர் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை கட்டி, மணியோசை முழங்க அதே சாலையில் ஓட்டினார். தடியோடு வந்தவர்களை எதிர்கொண்டார். அவர் சாத்திரம் படித்தவரல்லர், எழுத்தும் அறியாதவர். ஆனால் தம் மக்களின் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டுமென்று நிலச்சுவான்தார்களின் வயல்களில் வேலைநிறுத்தமே நடத்திக் காட்டினார். இன்று தலைநகரின் வெள்ளயம்பலத்தில், சாலைகள் கூடும் இடத்தில், அவர் சிலையாக நிற்கிறார். எந்தச் சாலை மறுக்கப்பட்டதோ அந்தச் சாலையின் நடுவிலே! காரை ஓரங்கட்டி நெடுநேரம் நின்றோம்.

நகரம் அழகு. மேடும் பள்ளமுமான வீதிகள், ஓட்டுக் கூரைகள், வெள்ளை வண்ணத் தலைமைச் செயலகம். அதையெல்லாம் வழிகாட்டி நூல்கள் பாடும். நாம் பத்மநாபசாமி கோவில் வாயில்வரை சென்றோம். 1750-இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டையே இந்தச் சாமிக்கு எழுதிவைத்து, "நான் தாசன்" என்றார். ஆக, அப்போதே அது கடவுளின் சொந்த நாடுதான், பத்திரம் உண்டு! அந்தக் கடவுளின் ஆட்சியில் ஏழைகள் தலைவரி கட்டினர். 2011-இல் நிலவறைகளைத் திறந்தபோது குவியல் குவியலாகப் பொன் கிடைத்தது கண்டு உலகம் வியந்தது. வியப்பானேன்?

ஆடவர் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவர். நாம் கழற்றவில்லை, உள்ளே போகவுமில்லை. பூணூல் உண்டா என்று பார்க்க வந்த வழக்கம் இது, இதை விட்டொழியுங்கள் என்று 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரி மடத்துத் துறவி சச்சிதானந்தரே சொன்னார். முதலமைச்சராயிருந்த பினராயி விஜயனும் வழிமொழிந்தார். எதிர்ப்புக் குரலும் உடனே எழுந்தது.

அங்கிருந்து வடக்கே வைக்கம். தோழர்காள்! அந்தத் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். 1924 மார்ச் 30 முதல் 603 நாட்கள், கோவிலுக்குள் நுழைவதற்குக்கூட அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக மனிதர் போராடினர். பெரியார் இருமுறை சிறை சென்றார். நாகம்மையார் வீதியில் நின்றார். முடிவில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் 1936 வரை திறக்கவில்லை.

1925-இல் காந்தியார் சமரசம் பேச இண்டந்துருத்தி மனைக்குச் சென்றார். வைசியர் என்பதால் அவரையும் வீட்டுக்குள் விடாமல் வெளியே அமர்த்திப் பேசினார் நம்பியாதிரி. அந்த மனை இன்று யாருக்குச் சொந்தம் தெரியுமா? கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்துக்கு! எந்தக் காலடி தீட்டு என்றார்களோ அந்தக் காலடி, இன்று கூடத்துக்குள் நடந்து போய்ச் சந்தா செலுத்துகிறது.

கேரளம் 2011 கணக்கில் நூற்றுக்கு 94 பேர் எழுதப் படிக்கத் தெரிந்த நாடு, தமிழகத்தில் 80. நிலச் சீர்திருத்தம், நூல்நிலையம், மருத்துவமனை எல்லாம் மனிதர் மனிதரோடு மோதிப் பெற்றவை. அவற்றைக் கடவுளின் கணக்கில் வரவு வைப்பது திருட்டு அல்லவா?

பெருமையோடு திரும்பினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் திரும்பும் வழியில் மதுரை வந்தது. அம்மாவட்டத்து உத்தப்புரத்தில் தாழ்த்தப்பட்டோர் வழியை அடைத்துச் சுவர் நின்றது. 2008 மே திங்களில்தான் அதன் ஒரு பகுதி இடிந்தது. பெரியார் வைக்கம் சென்று எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! 2022 டிசம்பரில் வேங்கைவயலில் அம்மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்தது. வைக்கத்துப் புதுப்பித்த நினைவகத்தை 2024 டிசம்பரில் திறந்துவைத்து மகிழ்ந்த நாம், நம் ஊர்த் தெருக்களை அளந்து பார்த்தோமா? எந்தத் தெருவில் பிணம் போகக் கூடாது, எந்தத் தேநீர்க் கடையில் தனிக் குவளை என்று இளைஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுக்கட்டும். கோவிலம்பாக்கத்தைச் சுற்றியே தொடங்கலாம்.

வீடு சேர்ந்ததும் அண்டை வீட்டு அன்பர் வந்தார். "பிரசாதம் எங்கே?" என்றார். கைப்பேசியை எடுத்து, வைக்கத்துக் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகத்தின் படத்தைக் காட்டினோம்.