இறால் பண்ணை வழக்கு புகட்டும் பாடம்

உலகின் எந்தச் சட்டக் கல்லூரியில் சர்வதேச முதலீட்டுச் சட்டம் போதிக்கப்படினும், தொடக்கப் பாடங்களிலேயே தலைகாட்டும் வழக்கு ஒன்றுண்டு. 'ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் லிமிட்டெட் எதிர் இலங்கைக் குடியரசு' என்பது அதன் பெயர். அப்பெயரில் ஆசியா உண்டு, இலங்கையும் உண்டு. வழக்கு எழுந்த மண்ணின் பெயர் மட்டும் இல்லை. அம்மண், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்துள்ள படுவான்கரை. அங்கே மண்முனைப் பகுதியிலிருந்த ஓர் இறால் பண்ணையே வழக்குக்குப் பொருளாயிற்று.

வர்த்தகச் சட்டம் நமக்கெதற்கு, அது கொழும்புக் கம்பனிக்காரரின் சங்கதியல்லவா என்று எண்ணும் கமக்காரரும், அதனைப் பரீட்சைக்கு மாத்திரம் மனனம் செய்யும் மாணவரும் இவ்வழக்கைச் சற்று நிதானமாக நோக்குதல் வேண்டும். சர்வதேச வர்த்தகச் சட்டத்தின் அரிச்சுவடி முழுவதும் இதிலே அடங்கியுள்ளது. எமது மக்கள் கேட்கவேண்டிய கேள்வியொன்றும் இதிலேதான் அடங்கியுள்ளது.

நடந்தது யாது? செரண்டிப் சீஃபூட்ஸ் என்பது இலங்கையிற் பதிவுசெய்யப்பட்ட ஒரு கம்பனி. இறால் வளர்த்து ஏற்றுமதி செய்வது அதன் தொழில். அதன் பங்குகளிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த தொகையை ஹொங்கொங்கிற் பதிவான கம்பனியொன்று வைத்திருந்தது. ஏற்றுமதி தொடங்கிய காலத்திலேயே, 1987 சனவரி 28 ஆம் நாள், விசேட அதிரடிப்படையினர் அப்பிரதேசத்தில் இராணுவ நடவடிக்கையொன்றை மேற்கொண்டனர். பண்ணை அழிந்தது. அங்கு வேலைசெய்த தொழிலாளர் இருபதின்மருக்கு மேல் உயிரிழந்தனர்.

ஹொங்கொங் கம்பனி வாளாவிருக்கவில்லை. அதே 1987 ஆம் ஆண்டிலேயே வோஷிங்டன் நகரிலுள்ள முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கான சர்வதேச நிலையத்தில் இலங்கை அரசாங்கத்துக்கு எதிராக வழக்கிட்டது. எண்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் நட்டஈடு கேட்டது. 1990 யூன் 27 ஆம் நாள் மூவரடங்கிய நடுத்தீர்ப்பு மன்று தீர்ப்பு வழங்கிற்று. ஒருவர் மாறுபட, ஏனைய இருவரும் இலங்கை அரசாங்கமே பொறுப்பு என முடிவுசெய்து, 4,60,000 டொலரும் வட்டியும் செலுத்துமாறு கட்டளையிட்டனர்.

இனி, சட்டம் பயிலத் தொடங்குவோன் எந்த வழக்கிலும் முதலிற் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை இங்கே கேட்போம். வழக்காடுவதற்கு உரித்துடையவன் யார்? அவன் செல்லத்தக்க மன்று எது? அங்கே செல்லுபடியாகும் சட்டம் யாது?

முதலாவது, உரித்து. இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே 1980 பெப்ரவரியில் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையொன்று கைச்சாத்திடப்பட்டது. அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்த ஹொங்கொங்குக்கும் அது 1981 இல் விரிவாக்கப்பட்டது. ஆகவே ஹொங்கொங் கம்பனி உடன்படிக்கையின் காப்புக்கு உரியதாயிற்று. பண்ணையை நடத்திய செரண்டிப் கம்பனியோ இலங்கைக் கம்பனி. தன் பெயரால் அவ்வாசலை மிதிக்க அதற்கு வழியில்லை. மன்றும் இதனைத் தெளிவாகவே கூறிற்று: உடன்படிக்கை காப்பது பண்ணையின் குளங்களையும் கட்டடங்களையும் அன்று, அயல்நாட்டவனின் பங்குகளையே. அழிந்த சொத்து ஒன்று. அதற்காக வோஷிங்டனில் வழக்காடும் உரித்தோ ஒரு பங்காளருக்கு மாத்திரமே.

இரண்டாவது, மன்று. அக்கம்பனிக்கும் இலங்கை அரசாங்கத்துக்கும் இடையே வோஷிங்டனில் வழக்காடுவோம் என்ற ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. எனினும், முதலீட்டாளன் கேட்டால் அந்நிலையத்துக்கு வரச் சம்மதம் என 1980 உடன்படிக்கையிலே அரசாங்கம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தது. அந்தச் சம்மதத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு அந்நிலையத்திலே தீர்க்கப்பட்ட முதல் வழக்கு இதுவே. இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கில் நடைபெறும் இத்தகைய வழக்குகளுக்கு வாசல் திறந்தது படுவான்கரைப் பண்ணை.

மூன்றாவது, சட்டம். அயல்நாட்டு முதலீட்டுக்குப் பூரண காப்பும் பாதுகாப்பும் அளிக்கப்படும் என்பது உடன்படிக்கையின் வாசகம். என்ன நேரினும் அரசாங்கமே பொறுப்பு என்பது அதன் பொருள் எனக் கம்பனி வாதாடிற்று. மன்று அதனை ஏற்கவில்லை. கிளர்ச்சிக்காரருக்குப் பண்ணை உதவியது என்றும், மோதலிலே அழிவு நேர்ந்தது என்றும் அரசாங்கம் வாதாடிற்று. பண்ணையை அழித்தவர் இன்னார் என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்றே மன்று கூறிற்று. ஆயினும் அரசாங்கம் தப்பவில்லை. ஏன்? சந்தேகத்துக்குரியோர் எவரேனும் இருப்பின் அவர்களை வேலையினின்றும் நீக்கத் தயார் எனப் பண்ணை நிருவாகம் முன்னரே தெரிவித்திருந்தது. அத்தகைய அமைதி வழிகளை நாடாமல் ஆயுத நடவடிக்கையில் இறங்கியமை, ஓர் அரசாங்கம் காட்டவேண்டிய உரிய விழிப்பைக் காட்டத் தவறிய செயல் என்பதே தீர்ப்பு.

இத்தீர்ப்பை ஊன்றி நோக்குக. நிருவாகத்தோடு பேசியிருக்கலாம், சந்தேகத்துக்குரியோரை நீக்குவித்திருக்கலாம் என்று சொன்னது தமிழ் அரசியல்வாதி எவருமல்லர், சர்வதேச மன்று. அந்த விழிப்புக் காட்டப்பட்டிருந்தால் பங்கின் பெறுமதி மாத்திரமா தப்பியிருக்கும்? அந்த இருபதுக்கு மேற்பட்ட உயிர்களும் தப்பியிருக்குமல்லவா? ஆனால் உயிருக்கு அவ்வுடன்படிக்கையில் இடமில்லை. விதவைக்கு அங்கே உரித்தில்லை. தந்தையை இழந்த பிள்ளைக்கு அம்மன்றின் கதவு திறவாது.

அவர்களுக்கென உள்நாட்டில் இருந்த வழிகளையும் ஆராய்வோம். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். 1987 இன் யுத்தச் சூழலிலே, பிணத்தை அடக்கம் செய்து, பயந்தெளிந்து, வாவியைக் கடந்து, சட்டத்தரணியைத் தேடிக் கொழும்பு செல்வதற்கு ஒரு மாதம்! அதன்மேல் 1982 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இழப்பெதிர்காப்புச் சட்டம். ஒழுங்கை நிலைநாட்டும்பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்காக அரச ஊழியர் மீது வழக்குத் தொடுக்கவொண்ணாது என்பது அதன் சாரம். 1988 இல் அதனைத் திருத்தி, அக்காப்பை அவ்வாண்டு டிசம்பர் 16 ஆம் நாள் வரை நீட்டினர். 1987 சனவரியும் அதனுள் அடங்கிற்று.

அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் அங்கீகரித்த முதலீட்டு உடன்படிக்கை இந்நாட்டிலே சட்டவலுப் பெறும். தேசிய பாதுகாப்பின் பொருட்டன்றி அதற்கு மாறாக எச்சட்டமும் இயற்றலாகாது. மனித உரிமை உடன்படிக்கைகளுக்கு இத்தகைய அரண் அரசியலமைப்பிலே இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ்த் தனிமனிதர் ஐக்கிய நாடுகள் குழுவுக்கு முறையிட வழிசெய்யும் ஏற்பாட்டில் இலங்கை 1997 இல் இணைந்தது. அவ்விணைவு அரசியலமைப்புக்கு முரண் என 2006 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பங்குக்கு அரண்; பிரசைக்குத் தடை. ஒரே அரசின் இரு முகங்கள் இவை.

முதலீட்டுச் சட்டம் வேறு, மனித உரிமைச் சட்டம் வேறு, இரண்டையும் குழப்பலாமா என்று கற்றறிந்த நண்பர் சிலர் கேட்பர். அயல்நாட்டு மூலதனம் வரவேண்டுமாயின் அதற்குப் பாதுகாப்பு வேண்டாமா என்றும் கேட்பர். வேண்டும். கம்பனிக்கு நட்டஈடு கிடைத்ததில் எமக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. வழக்கிட்டவன் நியாயம் பெற்றான்; நன்று. பங்குக்குக் காட்டவேண்டிய விழிப்பு உயிருக்கும் காட்டப்படவேண்டும் என்பதே எமது வாதம். அன்றியும், இந்நட்டஈடு எங்கிருந்து கொடுக்கப்படுவது? திறைசேரியிலிருந்து. சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி செலுத்தும் படுவான்கரைக் கமக்காரனும் நிரப்பிய திறைசேரி அது. 2012 இல் ஜேர்மனிய வங்கியொன்றின் எண்ணெய் ஒப்பந்த வழக்கிலே இதே நிலையம் இலங்கைக்கு எதிராகத் தீர்த்த தொகை ஆறு கோடி டொலர்.

ஆகவே செய்யவேண்டியவை மூன்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சட்டம் பயிலும் எமது பிள்ளைகள் இவ்வழக்கைத் தலைப்போடும் தொகையோடும் மாத்திரம் படியாமல், மண்முனையோடும் மாண்டவரோடும் சேர்த்துப் படிக்கவேண்டும். அடுத்து, ஏற்றுமதிக் கம்பனிக்கு இறாலோ மரக்கறியோ கொடுக்கவும் காணியைக் குத்தகைக்கு விடவும் கையொப்பமிடும் கமக்காரர், பிணக்கு எழுந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் மன்று என்ற வாசகத்தை ஒரு சட்டத்தரணிக்குக் காட்டிய பின்னரே பேனையைத் தொடவேண்டும். விலையைப் பேசிவிட்டு அவ்வாசகத்தைப் பாராது விடுபவன், வேலியடைத்துப் படலையைத் திறந்துவிட்டவனே ஆவான். மூன்றாவதாக, முதலீட்டு உடன்படிக்கையொன்று பாராளுமன்றத்துக்கு வரும்போதெல்லாம் எமது பிரதிநிதிகள் எழுந்து, இதே காப்பு இம்மண்ணில் வாழ்பவனுக்கு எங்கே என்று கேட்டல் வேண்டும். ஒரு மாத எல்லையை நீக்குமாறும், தனிமனிதர் முறையிடும் உரிமைக்குச் சட்டவலு அளிக்குமாறும் வற்புறுத்தல் வேண்டும்.

சட்டத்திலே உரிமை எழுதப்பட்டிருத்தல் மாத்திரம் போதாது. அவ்வுரிமையைக் கொண்டுசென்று நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். ஹொங்கொங்கின் பங்காளனுக்கு அவ்வாசலை 1980 இலேயே திறந்துவைத்த அரசு, தன் சொந்தப் பிரசைக்கு அதனைத் திறக்க இன்னும் எத்தனை ஆண்டு எடுக்கும்?