இல்லாத நாட்டுக்கும் வரலாறு உண்டு

மூன்றாம் ஆண்டு, வரலாறு

விடுதியறையில் ஒருநாள் நண்பர் ஒருவர் என் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “தேர்வுக்கு வருகிற நாடுகளின் வரலாற்றையே நம்மால் படித்து முடிக்க முடியவில்லை. இல்லாத நாட்டின் வரலாறு உனக்கெதற்கப்பா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று இம்மலரின் வாயிலாக அவருக்கு விடை கூற விழைகிறேன்.

நூல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. எழுதியவர் டோல்கீன், ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியராக விளங்கியவர். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்நூலில் ரோஹான் என்றொரு நாடு வருகிறது. குதிரை வீரர்களின் நாடு. கற்பனை நாடேயாயினும் அதற்கு மன்னர் வரிசை உண்டு, ஆண்டுக்கணக்கு உண்டு, பழம்பகையும் உண்டு.

அதன் தோற்றம் இது. கோண்டோர் என்னும் பெரிய அரசு பகைவரால் நெருக்குண்டு உதவி வேண்டித் தூதனுப்புகிறது. வடக்கேயிருந்து எயோர்ல் என்னும் இளந்தலைவன் குதிரைப்படையோடு பாய்ந்து வந்து காக்கிறான். நன்றிக்கடனாக ஒரு பரந்த புல்வெளி நாட்டையே அவனுக்கு அளித்துவிடுகிறார் கோண்டோரின் ஆட்சியாளர். அந்த உலகின் மூன்றாம் யுகத்தில் இது 2510ஆம் ஆண்டு. கதையின் பெரும்போர் நடப்பது 3019இல். அப்போது ஆள்பவர் பதினேழாம் மன்னர் தியோடன்.

இவர்கள் பேசும் மொழிக்கும் தாங்கும் பெயர்களுக்கும் ஆசிரியர் பழைய ஆங்கிலத்தையே கையாண்டார். ஆனால் அம்மொழியை உண்மையில் பேசியவர்கள் 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் தரையில் நின்று கேடயச் சுவர் எழுப்பிப் போரிட்டு, நார்மானியரிடம் தோற்றவர்கள். நார்மானியரிடம் குதிரைப்படை இருந்தது. பேராசிரியர் தம் மக்களுக்குத் தாமதமாகக் குதிரை வழங்கினாரோ என்று எண்ணி நான் சிரித்துக்கொண்டதுண்டு!

படைக்கு வருவோம். ஓர் அணிக்கு 120 வீரர். நாட்டின் முழுத் திரட்டு இத்தகைய நூறு அணிகள். ஆக 12,000 பேர். மன்னரின் மெய்க்காவலர் இதில் சேரார். டோல்கீன் 1973இல் மறைந்த பிறகு, 1980இல் வெளிவந்த தொகுப்பில் இக்கணக்கு உள்ளது. ஆனால் கோண்டோர் மறுபடி உதவி கேட்கும்போது தியோடன் என்ன சொல்கிறார்? வேறு காலமாயின் பதினாயிரம் பேரை அனுப்பியிருப்பேன். கோட்டைகளைக் காவலின்றி விட முடியாது. இப்போது ஆறாயிரம் பேராவது வருவர் என்கிறார். ஹெல்ம் பள்ளத்தாக்கில் கோட்டை காத்து நிற்போரில் பெரும்பாலோர் வயது கடந்த கிழவர் அல்லது வயது வராத சிறுவர். கற்பனைப் படைதானே, இலட்சம் பேர் என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? எழுதவில்லை. 1916இல் சோம் போர்க்களத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர். 1918 முடிவதற்குள் தம் நெருங்கிய நண்பருள் ஒருவர் நீங்கலாக அனைவரும் மாண்டனர் என்று தம் முன்னுரையிலேயே குறித்தவர். ஆள் குறைவதைக் கண்ணால் கண்டவரின் கணக்கு அது.

ஆனால் நண்பருக்கு நான் கூற வந்த விடை இதுவன்று. ஹெல்ம் பள்ளத்தாக்கில் அந்த இரவு. மதிலுக்கு வெளியே சாருமான் என்னும் மாயாவியின் பெரும்படை கூச்சலிடுகிறது. மன்னரின் மருமகன் எயோமர், எனக்கு இது பறவைகளின் கீச்சொலியாகவும் விலங்குகளின் முழக்கமாகவும்தான் கேட்கிறது என்கிறான். அருகில் நிற்கும் முதியவர் காம்லிங் மறுக்கிறார். அக்கூச்சலில் டன்லாந்து மலைமக்களின் மொழியும் இருக்கிறது, எனக்கு அம்மொழி தெரியும், பழமையான மனித மொழி அது, நம் நாட்டு மேற்குப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் ஒருகாலத்தில் அது பேசப்பட்டது என்கிறார். இந்த நாட்டை எயோர்லுக்குத் தாரைவார்த்த குறையை ஐந்நூறு ஆண்டுகளாக அவர்கள் மறக்கவில்லை. சாருமான் அந்தப் பழைய நெருப்பை ஊதிவிட்டிருக்கிறான் என்பதும் அவர் வாயிலாகவே வருகிறது.

பாருங்கள்! நாம் நன்றிப் பரிசு என்று மகிழ்ந்த அந்த நிலத்தில் வேறொரு மொழி பேசப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். மூன்றாமவரை யாரும் கேட்கவில்லை. எதிரியின் கூச்சலில் மொழியைக் கேட்க ஒரு கிழவர் வேண்டியிருந்தது. நான் எழுதிய எந்தத் தேர்வு விடையிலும் காம்லிங் போன்ற ஒருவர் வந்ததில்லை. போருக்கான காரணங்கள், போரின் போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பிட்டுப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தோற்றவன் எந்த மொழியில் கதறினான் என்று நானும் கேட்டதில்லை, வினாத்தாளும் கேட்டதில்லை.

இன்னோர் இடம். ஆறாயிரம் வீரரும் கோண்டோர் செல்லும் வழியைப் பகைவர் அடைத்துவிட்டனர். காட்டுமக்களின் தலைவன் கான்-புரி-கான், யாவரும் மறந்துபோன பழைய வண்டிப்பாதையைக் காட்ட முன்வருகிறான். இவனுக்கு எண்ணத் தெரியுமா என்று எயோமருக்கு ஐயம். காட்டுமனிதன் குழந்தையல்லன் என்கிறான் அவன். இருபது இருபதுகளைப் பதினைந்து முறை எண்ணி ரோஹான் படையின் தொகையைச் சரியாகச் சொல்லிவிடுகிறான். பெருக்கிப் பாருங்கள், ஆறாயிரம்! கைம்மாறாக அவன் கேட்பது பொன்னன்று. எங்களை இனி விலங்குகளைப்போல் வேட்டையாடாதீர்கள் என்பதே. அப்படியானால் நாம் இதுவரை போற்றிவந்த அவ்வீரர்கள் அதையும் செய்திருக்கிறார்கள். 2003இல் வந்த திரைப்படத்தில் இந்தக் கிழத்தலைவனுக்கு இடமே இல்லை. போர்க்காட்சிகள் பிரமாதம் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படையை எண்ணியவனை விட்டுவிட்டார்களே என்பதே என் மனக்குறை.

ஆசிரியரையும் நான் முழுக்க விடுவிக்கவில்லை. ஹெல்ம் பள்ளத்தாக்குப் போருக்குப்பின் சரணடைந்த டன்லாந்து மக்களை ரோஹான் தலைவன் எர்க்கன்பிராண்ட் கொல்லவில்லை. இடிந்ததைப் பழுதுபார்க்கச் செய்து, இனி ஆயுதத்தோடு ஐசன் ஆற்றைக் கடப்பதில்லை என்று உறுதி வாங்கி விடுதலை செய்கிறான். சிறைப்பட்டோரை ரோஹான் வீரர் உயிரோடு எரிப்பர் என்று கேட்டு நம்பியிருந்த அவர்கள் வியந்துபோகிறார்கள். பெருந்தன்மைதான். போர் முடிந்தபின் காட்டுமக்களுக்கு அவர்கள் காடு உரிமையாக்கப்பட்டது, அதுவும் சரி. ஆனால் ஆற்றுக்கு இப்பால் இருந்த பள்ளத்தாக்குகள்? மலைமக்களுக்கு உயிர் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. வீடு திரும்பிய அவர்கள் தம் பிள்ளைகளுக்கு என்ன கதை சொன்னார்கள் என்று நூலில் ஒரு பக்கமும் இல்லை.

டன்லாந்துக்காரன் ஒருவன் எழுதிய ரோஹான் வரலாறு எப்படியிருக்கும்? கேள்வி கேட்ட அந்த நண்பர் தமிழிலக்கிய மாணவர், கவிதையும் எழுதுவார். அடுத்த ஆண்டு மலருக்கு அவரே அதை எழுதித் தரலாம். புத்தகம் இப்போது அவருடைய மேசைமீதுதான் இருக்கிறது.