படத்துக்கும் பெயர் உண்டு, எடுத்தவருக்கும் பெயர் உண்டு

‘சட்டக் கல்லூரியில் ஒரு தலித் மாணவன் படும் அவமானங்களைச் சொல்லும் தமிழ்ப் படம்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிற ஆய்வுக்கட்டுரைகள் உண்டு. அதே பக்கத்தில் ஓர் ஐரோப்பியச் சிந்தனையாளரின் நூலுக்குப் பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் பிசகாமல் இருக்கும். அந்தப் படத்துக்கும் பெயர் இருக்கிறது: ‘பரியேறும் பெருமாள்’. இயக்கியவர் மாரி செல்வராஜ். ஆண்டு 2018. தயாரிப்பு நீலம் புரொடக்சன்ஸ்.

இந்த நான்கு விவரங்கள்தான் அடிப்படை. ஏபிஏ முறையில் நூலாசிரியரின் இடத்தில் இயக்குநர் வருவார். எம்எல்ஏ முறையில் பொதுவாகப் படத்தின் பெயர் முதலில் வரும். வரிசை மாறலாம், ஆட்கள் மாறக் கூடாது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தைத் தயாரித்த பா.இரஞ்சித்தை அதன் இயக்குநராக எழுதுவது பிழை. ஓடிடி தளத்தைத் தயாரிப்பாளராக எழுதுவதும் பிழை. 2021இல் ‘ஜெய் பீம்’ வெளியானது அமேசான் பிரைமில்; தயாரித்தது 2டி என்டர்டெயின்மென்ட்; இயக்கியவர் த.செ.ஞானவேல். ‘ஜெய் பீம் காம்ரேட்’ வேறு படம். ஆனந்த் பட்வர்தன் எடுத்து 2011இல் வந்த ஆவணப்படம். இயக்குநரையும் ஆண்டையும் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆவணப்படங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ (2017) படத்தை யூடியூபில் பார்த்தேன் என்பதற்காக, பதிவேற்றிய சேனலின் பெயரை ஆசிரியராகப் போட முடியாது. எடுத்தவர் திவ்யபாரதி. வழக்குகளைச் சந்தித்தவரும் அவர்தான்.

வசனத்தை எடுத்தாளும்போது அது வரும் நேரத்தை மணி, நிமிடம், நொடியாகக் கொடுங்கள். நூலுக்குப் பக்க எண் போல. ஆங்கிலச் சப்டைட்டிலை வசனமென்று எழுதாதீர்கள். நெல்லை வட்டாரப் பேச்சில் வரும் வசவும் விளிப்பும் அங்கே பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சாதி இருப்பதோ அந்த விளிப்பில்தான். தமிழ் வசனத்தைக் கொடுத்துவிட்டு மொழிபெயர்ப்பை அருகில் வையுங்கள். மொழிபெயர்ப்பு யாருடையது என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, பெயர். இந்த முறைகள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. இந்தியாவின் பல பகுதிகளில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது சாதி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் மாரி செல்வராஜ் பட்டியலில் ‘செல்வராஜ், மா.’ ஆகி, யாரோ ஒருவராகிவிடுகிறார். ஜோடெரோ போன்ற மென்பொருளில் பெயரை இரண்டாக வெட்டாமல் ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். நெறியாளர் கேள்வி கேட்டால் காரணத்தை ஓர் அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

மேற்கோள் பட்டியல் என்பது அறிவு யாரிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ளும் இடம். நம் மக்களின் உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மறைப்பது இந்தச் சமூகத்துக்குப் பழகிய வேலை. அதை நாமும் செய்ய வேண்டாம், தோழர்களே.