டாக்காவுக்குப் போயிடலாமுங்களா மாமா?

திருப்பூரில் என் அக்கா மகன் 40 மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறான். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதே வாரம் அவனுக்கு ஆர்டர் தரும் பையிங் ஆபீஸிலிருந்து போன். “பங்களாதேஷுக்கு 20 சதவீதம்தான். அங்கே ஒரு கம்பெனியோடு கூட்டு சேர்ந்து தைத்துக் கொடுங்கள், ஆர்டர் உங்களுக்கே” என்றார்களாம். யோசிக்கப் பத்து நாள்.

அன்று ராத்திரியே என்னைக் கூப்பிட்டான். “மாமா, டாக்காவுக்குப் போயிடலாமுங்களா?”

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூலி அங்கே குறைவு, சந்தேகமில்லை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் பக்கம். ஆனால், ஒரு டி-ஷர்ட்டின் அடக்க விலையில் தையல் கூலி சின்னப் பங்கு. பாதிக்கு மேல் துணிதான் தின்கிறது. பங்களாதேஷில் பருத்தி விளைச்சல் சொற்பம். இறக்குமதி செய்யும் நூலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. அதையும் தரை வழியாகக் கொண்டுவரக் கூடாது என்று 2025 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு தடை போட்டுவிட்டது. நம் ஊர் நூலே கப்பலேறிப் போக வேண்டும்!

இங்கே அவனுக்கு நிட்டிங், பிரிண்டிங், எலாஸ்டிக், லேபிள் எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள். காலர் துணியில் ஷேடு மாறினால் ராத்திரி பத்து மணிக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறை வாசலில் போய் நிற்பான். சின்ன கம்பெனியில் முதலாளியின் கண்தான் குவாலிட்டி கன்ட்ரோல். டாக்காவில் யார் போய் நிற்பது?

எத்தியோப்பியா கதையையும் சொன்னேன். அமெரிக்காவில் வரி இல்லை என்று அங்கே ஹவாசா தொழிற்பூங்காவுக்குப் பல நாட்டுக் கம்பெனிகள் போயின. உள்நாட்டுப் போர் வந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்தச் சலுகையைப் பிடுங்கிவிட்டது. பெரிய கம்பெனிகள் நஷ்டத்தை எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போகும். அக்கா நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின்களுக்கு அது முடியுமா?

போகாதே என்று சொல்வது எனக்குச் சுலபம். சனிக்கிழமையானால் 60 பேருக்குச் சம்பளம் போட வேண்டியவன் அவன். அந்த ஆர்டர்தான் அவன் வருஷ வேலையில் பாதி.

அதுவரை பேசாமல் பில்களை அடுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவிதான் விஷயத்தை உடைத்தாள். “அங்க போனா நீங்க வெறும் ஏஜென்டுங்க. ரெண்டாவது வருஷம் பையர் நேரா அவங்ககிட்டயே பேசிக்குவான். அப்ப நாம யாரு?” எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் இந்த வரி இல்லை.

பத்தாம் நாள் முடியாது என்று சொல்லிவிட்டான். ஆர்டர் போய்விட்டது. பதினைந்து மெஷின் சும்மா நிற்கிறது. டெய்லர்களில் ஒன்பது பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் அவன் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

இப்போது காதர்பேட்டை வியாபாரிகளுக்குக் குழந்தைகள் செட் தைக்கிறான். லாபம் குறைவு, பணமும் 90 நாள் கழித்துத்தான். வட்டிக்கு வாங்கி அதைச் சமாளிக்கலாமா என்று கேட்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்கு.