தேர் வராத தெருவுக்கும் புனிதர் சொந்தம்தானே?

செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் நவநாள். தாராபுரமோ கருமத்தம்பட்டியோ, மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் கிறித்தவர் அல்லாதவர்களும் இருப்பார்கள். தொலைந்த பொருளுக்காக ஒருவர், பிள்ளையின் காய்ச்சலுக்காக இன்னொருவர். இதைப் பார்க்கும் நம் தோழர்கள் சிலர், ‘குலசாமிக்குப் பதில் அந்தோணியார், அவ்வளவுதானே’ என்பார்கள். ‘கடவுளிடம் போகவும் சிபாரிசா’ என்று கேட்பவர்களும் உண்டு.

சிரிப்பதற்கு முன் திருச்சபை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். புனிதர் கடவுள் அல்ல. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, புனிதருக்கு உரியது வணக்கம் என்று 787இலேயே நிசேயா பொதுச்சங்கம் பிரித்துச் சொல்லிவிட்டது. புனிதரிடம் கேட்பது, ‘எனக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்’ என்பதுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘எனக்காக ஜெபம் பண்ணுக்கா’ என்று சொல்வது போலத்தான். இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே குடும்பம் என்ற நம்பிக்கையில்தான் இப்படிக் கேட்க முடிகிறது. இதற்குப் பெயர் புனிதர்களின் சமூக உறவு. ஜெபமாலை தொடங்கும்போதெல்லாம் விசுவாசப் பிரமாணத்தில் இதை அறிக்கையிடுகிறார்கள்.

கோட்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. சாவையே தாண்டும் இந்த உறவு, ஊர்த் தெருவைத் தாண்டிச் சேரிக்குள் வர ஏன் தயங்குகிறது என்பதே என் கேள்வி.

தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். 1712இல் நட்டாலத்தில் ஆதிக்கச் சாதியில் பிறந்த நீலகண்டன், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பார்க்காமல் பழகியவர் என்று திருச்சபையே அவரைக் கொண்டாடுகிறது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அதற்கு முந்தைய அறிவிப்புகளில் ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற பட்டம் எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டது. நல்ல செய்திதான்.

ஆனால் பெயரிலிருந்து போன சாதி பங்கிலிருந்து போனதா? அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கட்டிய கோயிலுக்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் நின்றது. 1910இல் அதை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று வெள்ளாளக் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில், புனித மகதலா மரியாள் திருவிழாவில் எங்களைச் சேர்ப்பதில்லை, கல்லறையும் தனி என்று தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. அந்தப் புனிதரிடம் எல்லாச் சாதியும் வேண்டிக்கொள்ளலாம். அவர் பெயரில் நடக்கும் விழாவில் எல்லாச் சாதிக்கும் பங்கு உண்டா என்பதற்குத்தான் தீர்ப்பு தேவைப்படுகிறது.

தாராபுரத்துக்கு வருவோம். இது தனித்தொகுதி. மதம் மாறிய தலித் கிறித்தவர் இங்கே வேட்பாளராக நிற்க முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. இந்த அநீதியை எதிர்த்து ஆயர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை, நாமும் உடன் நிற்கிறோம். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு முதல் சான்றே, மதம் மாறிய பிறகும் சாதி விடவில்லை என்பதுதான். இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் ஆயர் பேரவை 2016இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. அரசிடம் சான்றாகக் காட்டும் தீண்டாமையைப் பங்கில் ஒழிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

ஒருவரைப் புனிதராக்க அற்புதம் நடக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். இதற்கு அற்புதம் எதுவும் வேண்டாம், ஆயரின் கையெழுத்துப் போதும். எல்லாத் தெருவுக்கும் தேர் போகாத ஊரில் திருவிழாக் கொடி ஏறாது, ஒரு பங்குக்கு ஒரே கல்லறை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். அதுவரை, தேவசகாயத்திடம் வேண்டிக்கொள்ளச் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்குக் கிடையாது. தேர் வராத தெருவில் இருந்து வேண்டுகிறவர்களுக்கு மட்டுமே அது உண்டு.