கேஸ் ஸ்டவ்வா, ஹாபா, இண்டக்‌ஷனா? ஜூஜுவாடியில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு!

சமையலறைக்குப் புது அடுப்பு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது கண்ணாடி ஹாப். பக்கத்தில் இண்டக்‌ஷன், இன்ஃப்ராரெட் என்று ஒரு வரிசை. எது அழகு, எது சீக்கிரம் கொதிக்க வைக்கும் என்பதற்கெல்லாம் உடனே பதில் கிடைக்கும். ஆனால் மாதாமாதம் எது பர்ஸைக் காலி செய்யும் என்ற கேள்விக்கு மட்டும் கடையில் பதில் இருக்காது. அந்தப் பதில் வீட்டு ஈ.பி. கார்டில் இருக்கிறது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஏற்ற இடம் ஜூஜுவாடி. ஓசூர் மாநகராட்சியின் விளிம்பில், பெங்களூரு நெடுஞ்சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகாவின் அத்திப்பள்ளி. இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள், இரண்டு பக்கமும் வாடகை வீடுகள். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இருவர் ஒரே மாடல் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கினாலும், இருவருக்கும் வரும் பில் ஒன்றாக இருக்காது. ஏன்?

முதலில், எந்த அடுப்பு என்ன செய்யும்?

சாதாரண கேஸ் ஸ்டவ்: மேடை மீது வைத்துப் பயன்படுத்துவது. ஸ்டீல் உடம்பிலும் வரும், கண்ணாடி மேல்தட்டிலும் வரும். வீடு மாறும்போது கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம். எல்.பி.ஜி. அடுப்புக்கான ஐ.எஸ். 4246 தரநிலைப்படி, எரிவாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பில்ட்-இன் ஹாப்: கிரானைட் மேடையை வெட்டி உள்ளே பதிப்பது. பார்க்க பளிச்சென்று இருக்கும். துடைப்பதும் சுலபம். ஆனால் மேடையை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். கீழே காற்றோட்டம் வேண்டும். ரிப்பேர் என்றால் ஆளை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு இது சரிப்படாது.

இண்டக்‌ஷன்: காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. 85 சதவீதம் அளவுக்கு வெப்பம் நேராகப் பாத்திரத்துக்குப் போகும். காந்தம் ஒட்டும் அடிப்பகுதி உள்ள பாத்திரம் மட்டுமே வேலை செய்யும். இண்டக்‌ஷன் பேஸ் இல்லாத பழைய அலுமினிய குக்கரை வைத்தால் அடுப்பு அசையாது. பிரெஷர் குக்கர் தயாரிக்கும் ஊரான ஓசூரிலேயே பல வீடுகளில் இருப்பது அந்தப் பழைய குக்கர்தான். ஆக, அடுப்பு விலையோடு பாத்திரச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஃப்ராரெட்: எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் முதலில் கண்ணாடி சூடாகி, பிறகுதான் பாத்திரம் சூடாகும். அதனால் இண்டக்‌ஷனைவிட கரண்ட் கொஞ்சம் அதிகம் இழுக்கும். அணைத்த பிறகும் மேல்தட்டு சுடும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

ஒரு சிலிண்டர் எத்தனை யூனிட்டுக்குச் சமம்?

எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எல்.பி.ஜி. அதில் அடங்கிய வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். அடுப்பில் வீணாவது போக, பாத்திரத்துக்குப் போவது 115 முதல் 120 யூனிட். அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் தேவை.

2025 ஏப்ரல் 8 அன்று 50 ரூபாய் உயர்ந்தபோது சென்னையில் சிலிண்டர் விலை ரூ.868.50 ஆனது. ஓசூரில் இதில் சிறிய வித்தியாசம் இருக்கும். 868.50-ஐ 140-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் ரூ.6.20.

அதாவது, கூடுதலாக ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.6.20-க்குக் கீழே கட்டினால் இண்டக்‌ஷன் லாபம். அதற்கு மேலே கட்டினால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை ஏறினாலும் இறங்கினாலும் புது விலையை 140-ஆல் வகுத்தால் போதும், புது எல்லை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம்: 500 யூனிட் என்ற பள்ளம்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம்; 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரை ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. 2025 ஜூலையில் மின்கட்டணம் திருத்தப்பட்டபோது, வீடுகளுக்கான உயர்வை மானியமாக அரசே ஏற்றுக்கொண்டது.

500-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? 501-வது யூனிட்டுக்கு ரூ.8.40. அது மட்டுமில்லை, 101 முதல் 200 வரை கிடைத்த ரூ.2.35 சலுகையும் பறிபோய், அந்த 100 யூனிட்டும் ரூ.4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டால் 243 ரூபாய் கூடுகிறது!

இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் செலவாகும் மூன்று வீடுகளை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும்.

முதல் வீட்டில் ஃபேன், லைட், டி.வி., ஃப்ரிட்ஜ் மட்டும். ரீடிங் 160 யூனிட், பில் ரூ.141. சமையல் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் ரீடிங் 300, பில் ரூ.705. கூடுதல் செலவு ரூ.564. மிச்சமாகும் சிலிண்டர் ரூ.868.50. லாபம் சுமார் 300 ரூபாய்.

இரண்டாவது வீட்டில் வாஷிங் மெஷின், கீசர் எல்லாம் உண்டு. ரீடிங் 400, பில் ரூ.1,175. முழுக்க இண்டக்‌ஷன் என்றால் ரீடிங் 540, பில் ரூ.2,376. கூடுதல் செலவு ரூ.1,201. சிலிண்டர் காசு போக 330 ரூபாய் நஷ்டம்.

மூன்றாவது வீடும் அதே 400 யூனிட் வீடுதான். ஆனால் பாதிச் சமையல் மட்டும் இண்டக்‌ஷனில். ரீடிங் 470, கூடுதல் செலவு ரூ.441. அரை சிலிண்டர் விலை ரூ.434. கிட்டத்தட்ட சமம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆக, கரண்ட் குறைவாகச் செலவாகும் எளிய குடும்பத்துக்குத்தான் இண்டக்‌ஷன் உண்மையில் லாபம். பெரிய வீட்டுக்கு இல்லை. கடைகளில் விற்பனை நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக!

உஜ்வாலா இணைப்பு இருந்தால்?

இங்கே கணக்கு மாறும். உஜ்வாலா பயனாளிகளுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். 2025-26-ல் ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரை இது உண்டு. மானியம் போக சிலிண்டர் சுமார் ரூ.568 என்றால், 140-ஆல் வகுத்தால் வருவது ரூ.4.06. அதாவது ரூ.2.35 ஸ்லாபுக்குள் இருக்கும்வரைதான் இண்டக்‌ஷன் லாபம். ரூ.4.70 ஸ்லாபுக்குள் நுழைந்துவிட்டால் கேஸ்தான் மலிவு.

கர்நாடகப் பக்கம்: ஃப்ரீ கரண்ட் என்றால் ஃப்ரீ சமையலா?

2023 ஜூலை முதல் கர்நாடகாவில் கிருஹ ஜோதி திட்டம் அமலில் உள்ளது. மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. "அப்போ அத்திப்பள்ளி பக்கம் குடிபோனா கேஸே வேண்டாமே" என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது.

எல்லோருக்கும் 200 யூனிட் கிடைக்காது. 2022-23-ல் அந்த வீட்டின் மாதச் சராசரி எவ்வளவோ, அதோடு 10 சதவீதம் சேர்த்த அளவுதான் இலவசம். சராசரி 80 யூனிட் என்றால் இலவசம் 88 யூனிட் மட்டுமே. மாதம் 70 யூனிட் சமையலுக்குக் கூடினால் மொத்தம் 150. மீதி 62 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். யூனிட் சுமார் 6 ரூபாய் என்று வைத்தாலும் ரூ.372 ஆகிறது. அரை சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் மிச்சம்.

சராசரி 150 யூனிட் உள்ள வீட்டுக்கு இன்னும் மோசம். 70 கூடினால் 220. 200-ஐத் தாண்டிவிட்டதால் இலவசமே ரத்து, முழு பில்லும் கட்ட வேண்டும். அதே 6 ரூபாய் கணக்கில் ரூ.1,320. நேற்றுவரை பூஜ்யமாக இருந்த பில் அது!

தமிழ்நாட்டில் 500 எப்படியோ, கர்நாடகாவில் 200 அப்படி. எல்லைக்கு இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு, இருக்கும் இடம்தான் வேறு.

வாடகை வீடு, சப்-மீட்டர்: யாரும் சொல்லாத கணக்கு

ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, சிப்காட் சுற்றுவட்டாரத்தில் தொழிலாளர்கள் பெரும்பாலும் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் மெயின் மீட்டர் ஓனர் பெயரில் இருக்கும், குடியிருப்பவருக்கு சப்-மீட்டர். அங்கே அரசு ஸ்லாபும் இல்லை, 100 யூனிட் இலவசமும் கைக்கு வராது. ஓனர் சொல்வதுதான் ரேட்.

அந்த ரேட் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் 140 யூனிட்டுக்கு ரூ.1,400. சிலிண்டரைவிட 530 ரூபாய் அதிகம். கரண்ட் குறைவாகச் செலவழிப்பதால் இண்டக்‌ஷனில் லாபம் பார்க்க வேண்டிய அதே குடும்பம், சப்-மீட்டர் இருப்பதால் நஷ்டப்படுகிறது. வாடகை பேசும்போதே "கரண்ட் யூனிட் எவ்வளவு, தனி சர்வீஸா, சப்-மீட்டரா?" என்று கேட்டுவிட்டு, பிறகு அடுப்பைத் தேர்வு செய்வதே புத்திசாலித்தனம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள், தனியாகத் தங்கும் பேச்சிலர்கள் 5 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்துகிறார்கள். முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ஆனால் அது மானியமில்லாத சந்தை விலை. வாங்கும் விலையை 50-ஆல் வகுத்தால் அவர்களுக்கான எல்லை கிடைக்கும். 5 கிலோ கேஸ் சுமார் 50 யூனிட் இண்டக்‌ஷன் சமையலுக்குச் சமம்.

களி கிண்டும் வீட்டுக்குக் கண்ணாடி ஹாப் ஒத்துவருமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகு களி சாப்பிடும் மண். களி கிண்டும்போது பாத்திரத்தைப் பிடித்து அழுத்திக் கிளற வேண்டும். வழுவழு இண்டக்‌ஷன் கண்ணாடியில் பாத்திரம் நகரும், அழுத்தம் முழுவதும் கண்ணாடி மீது இறங்கும். இதற்கு ஏற்றது கனமான பான் சப்போர்ட் உள்ள கேஸ் அடுப்புதான்.

ஹாப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பர்னருக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, பெரிய பாத்திரம் அசையாமல் உட்காருமா, தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வசதி உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பால் பொங்கித் தீ அணையும் வீடுகளில் இந்த வசதி உயிரைக் காப்பாற்றும்.

பைப் கேஸ் வந்தால் இதே அடுப்பு போதுமா?

கொச்சியில் இருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் திட்டமிட்ட எரிவாயுக் குழாய், தமிழ்நாட்டில் செல்ல வேண்டிய 7 மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. விளைநிலம் வழியாகக் குழாய் போவதை எதிர்த்து விவசாயிகள் போராடியதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும், 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததும் தெரிந்த கதை.

சமையலறைக்கு முக்கியமான விஷயம் வேறு. எல்.பி.ஜி.யும் பைப் கேஸும் ஒன்றல்ல. அழுத்தமும் வேறு, அடுப்பின் உள்ளே இருக்கும் நாசிலின் ஓட்டையும் வேறு. பைப் கேஸ் இணைப்பு எடுப்பவர்கள் நாசிலை மாற்றியே ஆக வேண்டும், அதையும் பயிற்சி பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும். எல்லை தாண்டி பெங்களூருவில் பைப் கேஸ் வீட்டுக்கு மாறிப் போகிறவர்களுக்கும், அங்கிருந்து சிலிண்டர் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். புதிதாக ஹாப் வாங்கும்போதே "நாசில் மாற்ற முடியுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று: கடைசி மூன்று ஈ.பி. ரீடிங்கை எடுத்து, சிலிண்டருக்கு 140 யூனிட் வீதம் கூட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் முழுக்க இண்டக்‌ஷன் வேண்டாம்.

இரண்டு: இண்டக்‌ஷன் 1,800 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்ப் பிளக் பாயிண்ட்டும் சரியான வயரும் கட்டாயம். சின்ன பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் வயர் உருகித் தீப்பிடிக்கும்.

மூன்று: மின்பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிற்கும் நாட்களுக்கு கேஸ் கையிருப்பு வேண்டும்.

நான்கு: கேஸ் டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் உடனே 1906-க்கு போன் செய்யலாம்.

பெரும்பாலான ஜூஜுவாடி வீடுகளுக்கு வரும் விடை இதுதான்: உறுதியான இரண்டு பர்னர் கேஸ் ஸ்டவ், கூடவே தண்ணீர், பால், சாதத்துக்கு ஒரு சின்ன இண்டக்‌ஷன். ரீடிங் 500-ஐ நெருங்கும் மாதத்தில் இண்டக்‌ஷனை ஓரம் வைக்கலாம், சிலிண்டர் விலை எகிறும் மாதத்தில் மீண்டும் எடுக்கலாம். மேடையை வெட்டிப் பதித்த ஒற்றை ஹாப் மட்டும் இருக்கும் வீட்டில் இந்த வசதி கிடைக்காது.