அவன் பதிலுக்காக நின்றான்

எங்கள் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பை வைத்துக் காதல் கதை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இவர்கள் இரண்டு பேரும் சந்தித்ததில் இந்த மலைக்கு என்ன பங்கு? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அருவிக்கரையில் அவள் வழுக்குவாள், அவன் தாங்குவான். அதையே ஷாப்பிங் மால் படிக்கட்டில் வைத்தாலும் ஒரு வரி மாறாது.

ராஜபாளையத்தில் பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். முதல் சந்திப்பை எழுத ஆசைப்படுகிறவர்கள் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் படித்தே ஆக வேண்டும் என்பேன். 261 அடிதான். அதிலுள்ள 99 பூக்களை மனப்பாடம் செய்யவைத்தே அதைப் பிள்ளைகளுக்குக் கசக்கவைத்துவிட்டோம். நம் தோப்பின் பெயரில் இருக்கும் செண்பகமும் அதில் உண்டு. ஆனால் பூக்கள் முடிந்த பிறகுதான் கதை சூடுபிடிக்கிறது.

தினைப்புனம் காக்க வந்த பெண்கள் அருவியில் குளித்து, பறித்த பூக்களைப் பாறையில் குவித்து, அசோக மர நிழலில் இருக்கிறார்கள். வேட்டை நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு சூழ்கின்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேட்டை நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பதறி எழ, அந்த நாய்களைக் கூட்டிவந்த தலைவன் வருகிறான். தப்பிப்போன விலங்குகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். பதில் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் போகட்டும், என்னோடு பேசுவதும் குற்றமா என்கிறான். அதற்கும் பதில் இல்லை.

பிறகு அவன் செய்வதைக் கவனிக்க வேண்டும். வண்டு மொய்க்கும் பூங்கிளை ஒன்றை ஒடித்து ஓங்கி, தன் நாய்களின் குரைப்பை அடக்குகிறான். அவர்கள் பேசட்டும் என்று அப்படியே நிற்கிறான். பயத்துக்குக் காரணம் தான் கூட்டிவந்தவைதான் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. ஒருவனை ஒரு பெண்ணுக்குப் பிடித்துப்போக இதைவிட நல்ல காரணத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. நம் சினிமாக்கள் பலவற்றில், பதில் சொல்லாத பெண்ணை பஸ் ஸ்டாப் வரை துரத்துவதுதான் காதலின் ஆரம்பம். அதைப் பார்த்து வளர்ந்த பையன்களால் என் மாணவிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதை வெறும் எழுத்து நுணுக்கமாக என்னால் பேச முடியாது.

அடுத்தது யானை. மனைவி கொடுத்த தேறலைக் குடித்துவிட்டுக் காவல்காரன் அயர்ந்துவிட, யானை புனத்தை அழித்துவிடுகிறது. ஆத்திரத்தில் அவன் அம்பு விட்டு விரட்ட, அது இந்தப் பெண்கள் பக்கம் பாய்கிறது. வெட்கம் மறந்து, பதிலுக்காக நின்றவனிடம் ஓடுகிறார்கள். தற்செயலாகத் தெரிகிற ஒரு சந்திப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம், ஒரு விளைச்சல், ஒரு நட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்திருப்பவர்களுக்கு யானை பயம் இன்றும் தீரவில்லை. நம் கதைக்காரர்கள் அந்தத் தோப்புகளைத் தாண்டித்தான் அருவிக்குப் போகிறார்கள், ஒன்றும் பார்க்காமல்.

இவ்வளவையும் சொல்வது தலைவியின் தோழி. மகள் ஏன் மெலிந்தாள் என்று தவிக்கும் செவிலித்தாயிடம், அவன் தகுதியானவன் என்று நிறுவ வேண்டிய கட்டாயத்தில் சொல்கிறாள். கிளை ஒடித்ததைக்கூட விடாமல் சொல்வது அதனால்தான்.

அண்மையில் ஒரு மாணவி எழுதிவந்த கதையில், வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் பெண், அருவிக்குப் போக வந்தவனைத் தடுக்கிறாள். தலைக்கு மேல் சாம்பல் நிற மலை அணிலின் கூடு. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தவன், செல்போனில் அலறிக்கொண்டிருந்த பாட்டை அணைத்துவிட்டு, அணில் வெளியே வருமா என்று மெதுவாகக் கேட்கிறான். அவள் இரண்டாம் பக்கத்தில்தான் பதில் சொல்கிறாள். அவளை அவசரப்படுத்தச் சொல்லி வகுப்பில் எல்லோரும் அந்தப் பிள்ளையை நெருக்கினார்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.